மருந்து பத்தல

எழுதி ரொம்ப நாளாச்சு. ஆபீஸில் ஆணி அதிகம், வீட்டில் அதைவிட அதிகம். இன்னிக்கு தங்கமணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போயிருப்பதால் உட்கார்ந்து டைப் அடிக்கிறேன். விஷயம் 2020-ல் நடந்தது. அப்பவே எழுதியிருக்கணும், மனசு வரலை.

நாங்க டேராடூனுக்கு வந்து பதினோரு வருஷம். தருமபுரி பக்கம் பென்னாகரத்தில் பிறந்தவன் இமயமலை அடிவாரத்தில் சப்பாத்தி தின்கிறேன், எல்லாம் எழுத்து. எங்க வீட்டுக்காரர் எழுபது தாண்டிய கட்வாலி மனிதர். பிள்ளைகள் அவரை தாவுஜி என்பார்கள் (நம்ம ஊர்ப் பெரியப்பா), நாங்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். அவருடைய ஒரே பையன் கனடாவில். அதனால் கரண்ட் பில் கட்டுவது, கேஸ் புக் பண்ணுவது, ஆதார் லிங்க் பண்ணுவது எல்லாம் அடியேன் தான். பதிலுக்கு சீசனில் லிச்சிப்பழம் கூடை கூடையாக வரும். நல்ல டீல்.

அந்த வருஷம் அக்டோபர் மாசம் ஒருநாள் கூப்பிட்டார். "பேட்டா, ஒரு ஃபாரம் இருக்கு. துப்பாக்கி லைசென்ஸ் விஷயம்" என்றார். எனக்கு டீ புரை ஏறியது.

விஷயம் இதுதான். நம்ம நாட்டில் ஒரு ஆள் மூணு துப்பாக்கி வரை லைசென்ஸோடு வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். தாத்தா சொத்து, அப்பா சொத்து என்றாலும் அதே கணக்குதான். கூடுதலாக இருப்பதை ஒரு வருஷத்துக்குள், அதாவது 2020 டிசம்பர் நடுவுக்குள் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்கணும். தாவுஜியிடம் சரியாக மூணு இருந்தது. எதைக் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

இரும்பு பீரோவைத் திறந்து மூன்றையும் கட்டிலில் வரிசையாக வைத்தார். ஒன்று பன்னிரண்டு போர் இரட்டைக் குழல். இரண்டாவது 315 ரைஃபிள், போல்ட்டைத் தூக்கி இழுத்துத் தள்ளுகிற வகை. மூன்றாவதைப் பார்த்ததும் எனக்குக் கை சில்லிட்டுப் போனது. விசைக்குக் கீழே பெரிய வளையமாக லீவர், அதற்கு முன்னால் வயிறு மாதிரி தொங்குகிற பெட்டி மேகஸின்.

"405 வின்செஸ்டரா தாவுஜி?"

அவருக்கு ஆச்சரியம். மத்ராசிப் பையனுக்கு இது எப்படித் தெரியும் என்று பார்த்தார்.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். பென்னாகரத்துப் பிள்ளைகளுக்கு ஜிம் கார்பெட்டை விட கென்னத் ஆண்டர்சன் நெருக்கம். பெங்களூரில் வாழ்ந்தவர், 1910-ல் பிறந்து 1974-ல் போய்ச் சேர்ந்தார். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், சின்னாறு என்று எங்க காடெல்லாம் அவர் கதையில் வரும். 1954-ல் வந்த அவருடைய முதல் புத்தகத்திலேயே முண்டச்சிப்பள்ளத்து ஆட்கொல்லி உண்டு. காட்டில் கூடவே திரிந்த பைரா, ரங்கா எல்லாம் எங்க பக்கத்து ஆட்கள். அந்தக் கதைகளில் அவர் தோளில் எப்பவும் தொங்குவது 405 வின்செஸ்டர். காலேஜில் படிக்கும்போது லைப்ரரியில் அந்தப் புத்தகத்தைக் கிழிய கிழியப் படித்தவன் நான். அந்த ரைஃபிளை நேரில் பார்ப்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

தாவுஜியின் அப்பா அதை 1950 வாக்கில் ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரத் தேயிலைத் தோட்டக்காரரிடம் வாங்கினாராம். கனடா பையன் போனில் ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிட்டான். "405-ஐக் கொடுத்துடுங்க. தோட்டாவே கிடைக்காது, வெறும் இரும்பு." நியாயம்தான். ஆனால் தாவுஜிக்கு மனசு ஒப்பவில்லை. "நீ என்ஜினியர்தானே, நீ பார்த்துச் சொல்லு. எது நல்லது?" என்றார்.

கேட்டால் விடுவோமா? ராத்திரி ரெண்டு மணி வரை உட்கார்ந்து எக்ஸெல் ஷீட்டே போட்டுவிட்டேன். தங்கமணி திட்டியதை இங்கே எழுத முடியாது. படித்ததைக் கொஞ்சம் சொல்கிறேன், பிடிக்காதவர்கள் நாலு பாரா தாண்டிப் போய்விடலாம் :-)

லீவர் ரைஃபிள் அமெரிக்கச் சமாச்சாரம். பிடித்த கை பிடித்தபடியே லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் காலிக் கூடு வெளியே விழும், அடுத்த தோட்டா உள்ளே போகும். துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுக்க வேண்டாம். அடர்ந்த காட்டில் இரண்டாவது குண்டு சீக்கிரம் போகணும் என்கிறவனுக்கு இது பெரிய விஷயம். அங்கே இன்றைக்கும் மான் வேட்டைக்குப் பழைய தோட்டாக்களைத் தேடித் தேடி எடுப்பவர்கள் நிறைய. அந்தப் பழைய ரகங்களில் முக்கியமானவை மூணு.

முதலாவது 30-30. 1895-ல் வந்தது. அதற்கான 1894 மாடல் ரைஃபிள் மட்டும் 70 லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். 11 கிராம் குண்டு, நொடிக்கு 670 மீட்டர் வேகம். நூறு நூற்றைம்பது மீட்டருக்குள் மானுக்குப் போதும், தோளையும் உடைக்காது. அதைவிடப் பெரிய மிருகத்துக்குக் கொஞ்சம் யோசிக்கணும். இரண்டாவது 45-70. 1873-ல் அமெரிக்க ராணுவத்துக்காகக் கருமருந்தில் பிறந்தது. பேரில் இருக்கும் 70 என்பது மருந்தின் எடை, கிரெயின் கணக்கில். 26 கிராம் குண்டு, ஆனால் அந்தக் காலத்து வேகம் 400 மீட்டர் சொச்சம்தான். மாட்டு வண்டி மாதிரி, மெதுவாக வரும், மோதினால் தாங்காது. இப்போதைய பலமான ரைஃபிளில் மருந்து கூட்டிப் போட்டு கரடி வரைக்கும் போகிறார்கள்.

மூன்றாவது நம்ம 405. 1904-ல் வந்தது. 19 கிராம் குண்டு, அதே 670 மீட்டர் வேகம். கவனியுங்கள், 30-30-ன் வேகமேதான், குண்டு மட்டும் முக்கால் பங்கு அதிக எடை. வேகம் ஒன்று என்றால் ஆற்றல் எடைக்கு ஏற்றபடி கூடும். 2,500 ஜூல் எங்கே, 4,350 ஜூல் எங்கே! அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்கு இதைத்தான் சிங்க வேட்டைக்குக் கொண்டுபோனார். மற்ற லீவர் ரைஃபிள்களில் தோட்டாக்கள் குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். குண்டு கூராக இருந்தால் முன்னால் இருக்கும் தோட்டாவின் பின்புறத்தில் இடித்து வெடிக்க வாய்ப்புண்டு, அதனால் மொட்டை மூக்குதான். ஜான் பிரவுனிங் வடிவமைத்த இந்த 1895 மாடலில் பெட்டி மேகஸின் என்பதால் அந்தத் தொல்லை கிடையாது. குறை என்ன? தோளில் விழும் உதை கழுதை உதை. குண்டும் கட்டையானது, 200 மீட்டர் போவதற்குள் அரை மீட்டருக்கு மேல் இறங்கிவிடும். அதற்கு அப்புறம் குறி வைப்பது வீண். ஆனால் நம்ம மூங்கில் காட்டில் யார் 200 மீட்டரில் சுட்டார்கள்? முப்பது நாற்பது மீட்டரில் மிருகம் தெரிந்தாலே பெரிசு.

இன்னொரு விஷயம். 1907 வாக்கில் வெள்ளைக்காரன் இந்தியாவில் 450 அளவுத் தோட்டாக்களுக்குத் தடை போட்டுவிட்டான். கலகக்காரர்கள் கையில் பழைய ராணுவ மார்ட்டினி-ஹென்றிகள் இருந்தன, தோட்டா போய்ச் சேர்ந்துவிடும் என்ற பயம். ராணுவத்தின் 303-ம் பொதுமக்களுக்குக் கிடையாது. 315 இங்கே பரவியது அதனால்தான். ஆஸ்திரியாவின் பழைய 8 மில்லிமீட்டர் மேன்லிக்கர் தோட்டாதான் அது, இச்சாப்பூர் தொழிற்சாலையில் இந்த ரைஃபிளை ரொம்ப காலமாகச் செய்கிறார்கள். 405-க்கு இந்தத் தடை எதுவும் பொருந்தவில்லை.

எண்கள் முக்கியமில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 1907-ல் கார்பெட் சுட்ட சம்பாவத் புலி 436 பேரைக் கொன்றது. அதன் வலப்பக்கக் கோரைப்பல் மேலும் கீழும் உடைந்திருந்தது. யாரோ எப்போதோ சுட்ட காயம். இயற்கையான இரையைப் பிடிக்க முடியாமல்தான் மனிதர் பக்கம் திரும்பியது என்று எழுதியிருக்கிறார். சுட்டவன் வீட்டுக்குப் போய் ரொட்டி தின்றிருப்பான். செத்தது வேறு யாரோ.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷீட்டை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். "தாவுஜி, பெரிய மிருகத்துக்கு என்றால் 405-தான். 315-ஐக் கொடுத்துடலாம். ஆனா இனிமே எங்கே வேட்டை? 1972-லேயே சட்டம் வந்தாச்சு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு தகர டப்பாவை நகர்த்தி, "ஃபாரத்தில் தோட்டாக் கணக்கு எழுதணும். எண்ணு" என்றார்.

405 தோட்டா ஏழு. பித்தளை கறுத்து, ஒன்றிரண்டில் பச்சை பூத்திருந்தது. அடியில் துணியில் சுற்றி இன்னொன்று. பிரித்தால் ஈயக் கட்டி. முன்பக்கம் காளான் மாதிரி விரிந்து நசுங்கியிருந்தது, பின்பக்கம் மட்டும் உருளையாக அப்படியே இருந்தது. பையில் வெர்னியர் இருந்தது. சும்மா இருக்க முடியாமல் அளந்தேன். 8.2 மில்லிமீட்டர்.

"தாவுஜி, இது 405 இல்லையே. அது பத்தரை வரணும். இது 315 குண்டு."

ரொம்ப நேரம் பேசவில்லை. தாயிஜி டீ வைத்துவிட்டு உள்ளே போனார். அப்புறம் சொன்னார்.

1966 குளிர்காலம், அவருக்குப் பத்தொன்பது வயசு. பௌரி பக்கம் சொந்த ஊரில் ஒரு சிறுத்தை ஆடுகளைத் தூக்கிக்கொண்டிருந்தது. அப்பா ஊரில் இல்லை. சுவரில் இரண்டு ரைஃபிள். 405-ஐ ஒருமுறை சுட்டுத் தோள் நாலு நாள் நீலமாக இருந்த பயத்தில் 315-ஐ எடுத்துப் போனார். சாயங்கால வெளிச்சத்தில் நாற்பது மீட்டரில் சுட்டார். சிறுத்தை உருண்டு எழுந்து ஓடைக்குள் போய்விட்டது. மறுநாள் காலையில் ஆட்களோடு ரத்தத் தடத்தில் போனார்கள். மதியத்தோடு தடம் நின்றது. அப்பா வந்ததும் ஒரே கேள்விதான் கேட்டாராம். "எதை எடுத்துப் போனாய்?"

மூன்று மாதம் கழித்து, அடுத்த கிராமத்தில் புல் அறுக்கப் போன ஒரு பெண்ணைச் சிறுத்தை கொன்றது. இரண்டு குழந்தைக்காரி. வேறொரு வேட்டைக்காரர் வந்து அதைச் சுட்டார். தாவுஜி பார்க்கப் போனார். இடது தோளில் பழைய புண், உள்ளே இந்த ஈயம். கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"அப்பா சாகும்வரை சொன்னார், 405 எடுத்திருந்தால் அங்கேயே விழுந்திருக்கும் என்று. நானும் அதையேதான் சொல்லிக்கொண்டேன். ஐம்பத்து நாலு வருஷமாக" என்றார். நான் ஏதாவது ஆறுதலாகச் சொல்லணுமே என்று, "கணக்குப்படி பார்த்தால் அதுவும் சரிதானே தாவுஜி" என்று ஷீட்டைக் காட்டினேன். எவ்வளவு முட்டாள் நான்.

அவர் தலையை ஆட்டினார். "இல்லை பேட்டா. நாற்பது மீட்டரில் சிறுத்தைக்கு 315 போதும். கார்பெட் சாஹிப் அதைவிடச் சின்ன 275-ல் புலியே சுட்டிருக்கிறார். நான் சுட்ட இடம் தப்பு. இடம் தப்பினால் 405-ம் ஓடவிடும். அதுகூடப் பரவாயில்லை. தடம் மதியம் நின்றது என்றேனே, நிற்கவில்லை. புதர் அடர்த்தியானது. மேலே போக எனக்குப் பயம். ரத்தம் இல்லை, வாங்க போகலாம் என்று ஆட்களிடம் சொன்னது நான்தான். இரண்டாம் நாள் போகவே இல்லை."

என்ன பதில் சொல்வது? டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. காரணம் இருக்கு. எங்க தாத்தா மூங்கில் கூப்பில் கங்காணி. ஒருகாலத்தில் நாட்டுத்துப்பாக்கி வைத்திருந்தார், குழல் வாய் வழியாக மருந்து கிட்டிக்கிற வகை. கடலைக்காட்டுக்கு வந்த பன்றியைச் சுட்டதில் அது சாகாமல் திரும்பி வந்து அவருடைய அண்ணன் தொடையைக் கிழித்துவிட்டது. அண்ணன், அதாவது என் பெரிய தாத்தா, கடைசிவரை கால் விந்தித்தான் நடந்தார். தாத்தா அப்புறம் துப்பாக்கியைத் தொடவே இல்லை. நாங்க சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அந்தக் கதையை எப்பக் கேட்டாலும் ஒரே வார்த்தையில் முடிப்பார். "மருந்து பத்தல."

மறுநாள் ஊருக்கு போன் போட்டேன். அப்பாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். "ஏப்பா, தாத்தா அன்னிக்கு மருந்து கம்மியாத்தான் போட்டாரா?"

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசலை. "உனக்கு எதுக்குடா இப்ப அது? மருந்தெல்லாம் பத்துச்சு. பன்னி பொதருக்குள்ள போனதும் பெரியப்பா அருவாளோட பின்னாடியே போயிட்டாரு. கிட்டிச்சு ரெடியா நிக்கறேன்னு சொன்ன இவரு மரத்து மேல ஏறிக்கிட்டாரு. பெரியப்பா சாகறப்ப எங்கிட்ட சொன்னாரு, அவன்கிட்ட கேக்காதேன்னு."

"பெரியப்பா ஒருநாளும் தாத்தாவைக் கேட்கலையா?"

"எதுக்குக் கேக்கணும்? அவரும் மருந்து பத்தலன்னுதான் ஊரெல்லாம் சொன்னாரு."

அதற்கு மேல் பேச முடியலை. அம்மாவிடம் கொடுங்க என்று சொல்லி, மழை பெய்ததா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

டிசம்பர் முதல் வாரம் ஸ்டேஷனுக்குப் போனோம். கொரோனா காலம், மாஸ்க், சானிடைசர், வாசலிலேயே தள்ளித் தள்ளி நாற்காலி. என் காரின் பின்சீட்டில் போர்வையில் சுற்றி இரண்டு ரைஃபிள். ஆமாம், இரண்டு. சட்டப்படி ஒன்று கொடுத்தால் போதும். 315-ஐயும் 405-ஐயும் சேர்த்தே கொடுக்கப் போவதாகக் காலையில்தான் சொன்னார். பன்னிரண்டு போர் மட்டும் இருக்கட்டும், தோட்டத்தில் பன்றியை விரட்டச் சத்தம் போதும் என்றார்.

ரைட்டர் சின்னப் பையன். 405-ன் லீவரைப் பார்த்து, "இது சினிமாத் துப்பாக்கி மாதிரி இருக்கே அங்கிள்!" என்றான். தாவுஜி அதை வாங்கி, காலியாக இருப்பதைத் திறந்து காட்டி, லீவரை ஒருமுறை கீழே தள்ளி மேலே இழுத்து மூடினார். நூறு வயசு மிஷின், வெண்ணெய் மாதிரி போய் வந்தது. ஒரு மெக்கானிக்கல் என்ஜினியராகச் சொல்கிறேன், வயிறு கலங்கியது. தோட்டா ஏழு என்று நான் எண்ணிச் சொன்னேன், பையன் எழுதிக்கொண்டான். ரசீது வாங்கிக்கொண்டு வந்தோம்.

ஈயக் கட்டியை அவர் கொடுக்கவில்லை. அதற்கு ஃபாரத்தில் கட்டமும் இல்லை. வரும் வழியில் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்தப் பெண்ணின் பிள்ளைகள் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டேன். மூத்தவனுக்கு இப்ப அறுபது இருக்கும், ரிஷிகேஷில் கடை வைத்திருக்கிறான் என்றார். வருஷத்துக்கு ஒருமுறை போய்ச் சாமான் வாங்குவாராம். யார் என்று சொன்னதில்லை.

போன கோடையில் ஊருக்குப் போயிருந்தேன். என் பையன் தாத்தாவின் போட்டோவைக் காட்டி, "கொள்ளுத்தாத்தா பன்னியைச் சுட்டாராமே, அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டான். அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

"மருந்து பத்தலடா" என்றேன்.

டிஸ்கி: தாவுஜிக்குத் தமிழ் தெரியாது. எழுதட்டுமா என்று கேட்டுத்தான் எழுதுகிறேன். "என் பேர் போடாதே, 315-ஐத் திட்டாதே, அது நல்ல ரைஃபிள்" என்றார். போடலை, திட்டலை.